சோளத்தோகையின் வெள்ளை மாவும் வேலம்பிசினும்

மோட்டார் காயில் கட்டுகிறவனுக்குச் சோளத்தோகையில் என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு சுற்றுக் கேட்டு முடித்துவிட்டார்கள். கடையின் பின் அறையில், காயில் சுற்றும் மிஷினுக்கு மேலே கட்டிய கம்பியில், மூன்று வாரமாகத் தோகைகள் தொங்கிக்கொண்டிருந்தால் கேட்கத்தானே செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு மாடு. அதற்காகப் பின்காட்டில் முப்பது சென்ட் தீவனச்சோளம் போட்டிருக்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எஃப்.எஸ் 29 ரகம், அறுக்க அறுக்கத் துளிர்க்கிறது. இந்த வருஷம் மாசியிலேயே கிணறு இறங்கிவிட்டதால் பாதிக் காட்டுக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. மீதிப் பாதியை விதிப்படி நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பங்குனியில் ஒரு நாள் தட்டு அறுத்துவிட்டு வந்து பார்த்தால், கறுப்புப் பேன்ட் முழுக்க வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்த மாதிரி. தட்டையைச் சுற்றியிருக்கும் இலையுறையில் விரலை வைத்து இழுத்தால் மாவு ஒட்டுகிறது. இழுத்த இடம் பச்சைக் கோடாகத் தெரிகிறது. தோகையின் அடிப்பக்கத்திலும், நடுநரம்பை ஒட்டி, தட்டையோடு சேரும் பகுதியில் அதே மாவு.

மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் எடுத்திருக்கிறாள். அவளிடம் காட்டினேன்.

"அது மெழுகுப்பா. தண்ணி வெளிய போகாம இருக்கறதுக்கு."

"அப்படின்னா இதைத் துடைச்சுப்போட்டா தோகை சீக்கிரம் காயோணும். காயுமா?"

"காயும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "காயும்னுதான் நெனைக்கறேன்" என்றாள். இந்த இரண்டாவது பதிலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வேண்டிய சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று வாங்கினேன். கோவையில் பழைய சாமான் கடையில் ஒரு மாணவர் மைக்ராஸ்கோப் கிடைத்தது. கண்ணாடி ஸ்லைடு, செல்லோடேப், வாசலின், நிறமில்லாத நகப்பூச்சு. வெப்பத்தை எட்டியிருந்தே அளக்கும் துப்பாக்கி கடையில் ஏற்கெனவே இருக்கிறது, பேரிங் சூடு பார்ப்பதற்கு. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்வதற்கென்று அமைத்தது.

முதல் சோதனை ஞாயிற்றுக்கிழமை. ஆறு தோகை அறுத்து வந்து, மூன்றின் அடிப்பக்கத்தைக் கடை வேஸ்ட் பஞ்சை வைத்து நன்றாகத் தேய்த்தேன். மூன்றை அப்படியே விட்டேன். மேஜையில் பரப்பி அரை மணிக்கு ஒரு தடவை எடை போட்டேன். தேய்த்த தோகைகள் மளமளவென்று எடை இழந்தன. மாலைக்குள் ஓரம் சுருண்டு காகிதம்போல் ஆயின. தேய்க்காதவை அப்போதும் பச்சையாகக் கிடந்தன. வீட்டுக்குப் போய் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெருமை போயிற்று. அதை எடுத்தது நகப்பூச்சு.

இலையின் தோலைப் பார்ப்பதற்கு நகப்பூச்சு வழி பழையது, பள்ளிக்கூடத்திலேயே செய்வார்கள். இலைமேல் மெல்லிசாக ஒரு பூச்சு. கால் மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால், இலைத்தோலின் அச்சு டேப்போடு வந்துவிடும். அதை ஸ்லைடில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைக்கலாம். எங்கள் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, மாட்டுக்குப் போடற தோகைக்கு எதுக்கு நகப்பூச்சு?" என்று கேட்டது. பதில் சொல்லாமல் நழுவினேன்.

தோகையின் மேல்பக்க அச்சு முதல் தடவையே அழகாக வந்தது. கம்பி கட்டியதுபோல் நேர்வரிசையில் நீள நீளமான செல்கள், நடுநடுவே நீராவியும் காற்றும் போய்வருகிற இலைத்துளைகள். அவரை இலையில் பார்த்தால் துளையின் இரண்டு பக்கமும் காவல் செல்கள் மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். சோளம், நெல், கம்பு போன்ற புல்லினத்தில் அது டம்பெல் வடிவம் என்கிறது பாடப்புத்தகம். எனக்கு உடுக்கையாகத்தான் தெரிந்தது. இரண்டு முனையும் பருத்து, இடை சிறுத்து. அந்த முனைகள் நீர் ஏறி உப்பும்போது நடுவில் இருக்கிற கீறல் திறக்கிறது. பக்கத்துக்கு ஒரு துணைச் செல் நின்று, நீரையும் உப்பையும் கொடுத்து வாங்குகிறது. இந்த அமைப்பினால் புல்வகைகள் துளையைச் சட்டென்று திறந்து சட்டென்று மூடுகின்றன. மேகம் வந்து வெயில் மறைந்தால் மூடு, வெயில் வந்தால் திற. இப்படி மிச்சமாகிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற வட்டம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். என் கண்வில்லையில் வட்டத்தின் அளவு 18 என்று பொறித்திருக்கிறது. 40 மடங்கு வில்லை போட்டால் 18ஐ 40ஆல் வகுக்க வேண்டும், 0.45 மில்லிமீட்டர் விட்டம். பரப்பு 0.16 சதுர மில்லிமீட்டர் சொச்சம். மேல்பக்கத்தில் வட்டத்துக்குச் சராசரி 11 துளை, அடிப்பக்கத்தில் 17. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மேலே 69, கீழே 107. நான் எடை போட்ட தோகை ஒன்று 64 சென்டிமீட்டர் நீளம், அகன்ற இடத்தில் 4.2. சோளத்தோகையின் பரப்புக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதில் முக்கால் எடுத்தால் போதும். 200 சதுர சென்டிமீட்டர் வருகிறது. மொத்தத் துளையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பெருக்கினேன். முப்பத்தைந்து லட்சம். ஒரே தோகையில்.

இத்தனை வாசல் இருந்தும், எல்லாம் திறந்திருக்கும்போதுகூட அவை பிடிக்கிற இடம் இலைப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். ஆனால் இலையிலிருந்து போகிற தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அந்த வழியாகத்தான் போகிறது. தோல் வழியாகக் கசிவது மீதி. பகலில் இந்த மீதி பெரிதாகத் தெரியாது. துளைகள் மூடிய பிறகு, வறட்சியில் செடி உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, கசிவு மட்டுமே செலவு. அப்போது தோலின் தரம்தான் செடியின் ஆயுள்.

சரி, நகப்பூச்சு என் பெருமையை எடுத்த கதைக்கு வருகிறேன். வேஸ்ட் பஞ்சால் தேய்த்த தோகையின் அச்சையும் எடுத்துப் பார்த்தேன். நேர்வரிசைகளுக்குக் குறுக்கே கீறல். அங்கங்கே செல்களின் சுவர் நசுங்கி, ஓரிடத்தில் தோலே பிய்ந்து வந்திருந்தது. மகள் கண்வில்லையில் கண்ணை வைத்தபடியே கேட்டாள்: "அப்பா, நீங்க மெழுகைத் துடைச்சீங்களா, தோலை உரிச்சீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முழுவதும் செல்லாது. தோகை சீக்கிரம் காய்ந்தது மாவு போனதாலா, தோல் கிழிந்ததாலா என்று பிரிக்க வழியில்லை. போதாக்குறைக்கு அன்றைக்கு மேஜைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தோகைகளும் ஒரே வயதுடையவை அல்ல. அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை அறுத்திருந்தேன். மின்கசிவு பார்க்கிற மெகர் கருவியை வைக்காமலே மோட்டார் நல்லாயிருக்கு என்று கையில் கொடுத்தனுப்புகிற மாதிரியான வேலை.

தோலைத் தொடாமல் மாவை மட்டும் எடுப்பது எப்படி? செல்லோடேப் நேரடியாக ஒட்டினால் மாவு வருகிறது. கூடவே தோலும் வருகிறது. ஈரத்துணியால் ஒற்றினால் மெழுகல்லவா, ஈரத்தைச் சட்டையே செய்யவில்லை. மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் இலைமேல் அரபிப் பிசினைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் ஏடாக உரிக்கிறார்களாம். மேலே இருக்கிற மெழுகு மட்டும் ஏட்டோடு வந்துவிடுமாம். அரபிப் பிசினுக்கு எங்கே போக? அதுவும் ஒரு வேலமரத்துப் பிசின்தானே. எங்கள் வேலியில் கருவேலம் நிற்கிறது, நாட்டு மருந்துக்கடையில் வேலம்பிசின் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. நூறு கிராம் வாங்கி, நசுக்கி, இரவு ஊறவைத்து, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டினேன்.

முதல் பூச்சு தோல்வி. பிசினை நீர்க்கக் கரைத்திருந்தேன். தோகையின் அடிப்பக்கத்தில் பிரஷ்ஷை வைத்ததும் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிட்டது. மாவின் வேலையே அதுதான் என்று தெரிந்தும், பார்க்கும்போது கோபம் வந்தது. இரண்டாவது தடவை தேன் பதத்துக்குக் கெட்டியாகக் குழைத்து, வார்னிஷ் அடிக்கிற பிரஷ்ஷால் ஒரே இடத்தில் நாலைந்து தடவை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. மூன்றாவது சங்கடம் காயவைப்பது. முழுக்கக் காயவிட்டால் பிசின் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாக உடைந்து பாதி இலையிலேயே நின்றுவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது உரித்தால் இழுபடுகிறது. நிழலில் ஒன்றரை மணி நேரம் போனபின், விரல் வைத்தால் ஒட்டாமல் ஆனால் வளையக்கூடிய பதம் ஒன்று வரும். தோல் செருப்பின் நுனி மாதிரி. அப்போது அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல இழுத்தால் ஏடு முழுசாக வருகிறது. கறுப்பு அட்டையில் வைத்துப் பார்த்தால் ஏட்டின் ஒரு முகம் வெள்ளை. நடுநரம்பின் கோடுகூட அதில் பதிந்திருக்கிறது. இந்த வேலையெல்லாம் தோகை செடியில் இருக்கும்போதே செய்தேன். அறுத்தது மறுநாள் காலை. பிசினிலிருந்த தண்ணீர் கணக்கைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக.

உரித்த இடத்தில் நகப்பூச்சு அச்சும் எடுத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, கிழிசல் இல்லை. முன்பு அடிப்பக்க அச்சு மாவு கலந்து மங்கலாகவே வந்துகொண்டிருந்தது. பிசினால் உரித்தபிறகு கண்ணாடிபோல் வந்தது. மேலே சொன்ன 17 என்ற எண்ணிக்கை இப்படி எடுத்ததுதான்.

இரண்டாம் சுற்றை ஒழுங்காக நடத்தினேன். குருத்திலிருந்து கீழே எண்ணி மூன்றாவது தோகை மட்டும். காலை ஆறரைக்கு அறுத்து, அறுத்த வாயில் வாசலின் வைத்து அடைத்து, எல்லாவற்றையும் ஒரே கம்பியில், ஃபேன் இல்லாத அறையில். அப்படியே விட்டது மூன்று, பிசினால் உரித்தது மூன்று, பஞ்சால் தேய்த்தது மூன்று. நான்கு நாள் திரும்பத் திரும்பச் செய்தேன்.

5 கிராம் சொச்சம் எடையுள்ள தோகை முதல் அரைமணியில் சுமார் 0.4 கிராம் இழந்தது. மூன்று வகையும் அப்படித்தான், பெரிய வித்தியாசமில்லை. துளைகள் மூடிக்கொண்டிருக்கிற நேரம் அது. வாசல் திறந்திருக்கும்போது சுவரில் ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஒரு மணி நேரம் கழிந்தபின் வேகம் குறைந்து நின்றது. அப்படியே விட்ட தோகை அரைமணிக்கு 0.10 கிராம். பஞ்சால் தேய்த்தது 0.17. பிசினால் மாவு உரித்தது 0.11. தராசின் பிழையே 0.01 இருக்கும். ஆக, மாவை மட்டும் அலுங்காமல் எடுத்தால் நிழலில் தோகை வித்தியாசம் காட்டவேயில்லை.

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஏனென்றால் இது எனக்குப் பழகின விஷயம்.

காயில் கட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில் கண்ணுக்குத் தெரிவது வார்னிஷ். தங்கநிறத்தில் பளபளவென்று மேலே நிற்கும். வாடிக்கையாளர்கள் அதைத்தான் தடவிப் பார்த்து "நல்லா வார்னிஷ் போட்டிருக்கீங்க" என்பார்கள். ஆனால் சுற்றுக்குச் சுற்று மின்சாரம் தாவாமல் தடுப்பது செம்புக் கம்பியின் மேல் கம்பெனியிலேயே ஏற்றி வருகிற எனாமல். அது மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. வார்னிஷுக்கு வேறு வேலை: கம்பி அதிராமல் பிடிப்பது, ஈரம் உள்ளே போகாமல் பார்ப்பது, சூட்டை இரும்புக்குக் கடத்துவது. வார்னிஷ் இல்லாமல் மோட்டார் கொஞ்ச நாள் ஓடும். எனாமல் கீறினால் அன்றைக்கே எரியும்.

இலையிலும் இப்படி இரண்டு மெழுகு இருக்கிறது. தோலின் வெளிப்பக்கம் கியூட்டிக்கிள் என்கிற ஏடு. அதன் வலைக்குள்ளேயே ஊறிப்போன மெழுகு ஒன்று. அதற்குமேல் பூத்து நிற்கிற மெழுகு இன்னொன்று. ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தார் 2016இல் செர்ரி லாரல் என்ற மரத்தின் இலையில் மேல்மெழுகை உரித்து அளந்து பார்த்தார்கள். தண்ணீர்க் கசிவு கூடவில்லை, தடுப்பு முழுவதும் உள்ளே ஊறிய மெழுகில்தான் இருக்கிறது என்று கண்டார்கள். என் தோகை செர்ரி லாரல் அல்ல, என் தராசும் அவர்கள் தராசு அல்ல. என்றாலும் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கடையில் தின்னர் இருக்கிறதே என்று ஒரு தோகையைத் தின்னர் நனைத்த பஞ்சால் இலேசாக ஒற்றிப் பார்த்தேன். தின்னர் உள்மெழுகையும் கரைத்துவிடும் என்ற யோசனை. தோகை பத்து நிமிஷத்தில் திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாகி, வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. எடையும் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக இறங்கியது. ஆனால் தின்னர் செல்லையும் கொன்றிருக்கும் என்பதால் இதை ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் செய்ய வேண்டாம், நாற்றம் இரண்டு நாள் போகாது.

அப்படியானால் மாவு பூக்காத சோளம் ஏன் சீக்கிரம் வாடுகிறது என்று ஒரு கேள்வி வரும். மாவே இல்லாத சோள வகைகள் உண்டு. பிறவியிலேயே மாவு பூக்கவைக்கிற மரபணு கெட்டவை. அவற்றை வைத்து அமெரிக்காவில் 1990களில் ஆராய்ந்திருக்கிறார்கள். மாவு மிகவும் குறைந்த செடிகளில் தோல் வழியாகத் தண்ணீர் அதிகம் போனது உண்மை. ஆனால் அதே செடிகளில் கியூட்டிக்கிளும் மெலிந்திருந்தது. அதாவது, மெழுகு செய்கிற பட்டறையே பழுது. வார்னிஷும் குறைவு, எனாமலும் மெலிசு. தண்ணீர் எதனால் போகிறது என்று மாவைக் காட்டிச் சொன்னால் பாதிதான் சரி.

மாவு பிறகு எதற்கு? செடி சும்மா செலவு செய்யாது. சோளத்து மாவு பெரும்பாலும் 28, 30 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலம். அதைக் கட்டிச் சேர்ப்பதற்குச் செடி தன் சாப்பாட்டிலிருந்து கொடுக்க வேண்டும். வெயிலில் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது.

மத்தியானம் இரண்டு மணி, காய்ந்த பாதிக் காடு. துப்பாக்கியைத் தோகைக்கு ஒரு சாண் கிட்டே பிடிக்க வேண்டும். எட்டப் பிடித்தால் பின்னால் இருக்கிற மண்ணின் சூட்டையும் சேர்த்து அளந்துவிடும். மண் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. செடியில் இருக்கிற தோகையையே அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி திருப்பி, துணி மாட்டுகிற கிளிப்பால் பிடித்துவைத்து, மாவுள்ள இடத்தையும் பக்கத்திலேயே பிசினால் உரித்த இடத்தையும் மாறி மாறி அளந்தேன். பத்துத் தடவையில் ஏழு தடவை உரித்த இடம் ஒரு டிகிரி சுமாருக்குக் கூடுதல். இரண்டு தடவை சமம். ஒரு தடவை தலைகீழ். காற்று அடித்திருக்கலாம், என் கை ஆடியிருக்கலாம். ஒரு டிகிரி என்ன பிரமாதம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1980களில் சாம்பல் பூத்த கோதுமையையும் பூக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது அவர்களுக்குக் கிடைத்த வித்தியாசமும் ஒரு டிகிரிக்குள்தான். இலை சூடானால் உள்ளேயிருக்கிற நீராவியின் அழுத்தம் ஏறும். அதே துளை, அதே தோல், ஆனால் வெளியே தள்ளுகிற விசை அதிகம். மாவு மூடியல்ல, வெயிலைத் தடுக்கிற குடை.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். குடை என்றால் மேலே அல்லவா பிடிக்க வேண்டும்? இந்தச் சோளம் தோகையின் அடிப்பக்கத்தில் ஏன் பிடிக்கிறது?

இதற்குப் பதில் எந்த மைக்ராஸ்கோப்பிலும் கிடைக்கவில்லை, அதே காட்டில் தலை நிமிர்ந்து பார்த்தபோது கிடைத்தது. தண்ணீர் பாய்ந்த பாதி, வாழைக் கன்று மாதிரி தோகை விரித்துப் பச்சையாக நிற்கிறது. காய்ந்த பாதி சாம்பல் நிறம். இத்தனை நாள் அதை வாட்டம் என்று நினைத்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தோகையும் மேல்பக்கத்தை உள்ளே வைத்துக் குழலாகச் சுருண்டிருக்கிறது. வெளியே தெரிவது முழுக்க அடிப்பக்கம். மாவு பூத்த பக்கம். வாடும்போது மேலே வருவதற்கென்றே கீழே மடித்து வைத்த குடை.

சுருட்டுகிற பொறியும் மேல்தோலில்தான் இருக்கிறது. மகளின் புத்தகத்தில் படம் உண்டு, நான் பிளேடால் சீவிய வெட்டிலும் ஒன்றிரண்டு தெளிவாகத் தெரிந்தது: சின்னச் சின்னச் செல்களுக்கு நடுவே விசிறி விரித்ததுபோல் நாலைந்து பெரிய செல், உள்ளே வெறும் தண்ணீர். தண்ணீர் இறங்கினால் முதலில் இவை காற்றுப்போன டியூப் மாதிரி சுருங்கும். மேல்தோல் மட்டும் சுருங்கினால் தோகை மேல்பக்கமாகத்தானே மடங்கும். சுருண்ட குழலுக்குள் மேல்பக்கத் துளைகள் மாட்டிக்கொள்கின்றன. உள்ளே ஈரக்காற்று தேங்குகிறது. வெயில் படுகிற அகலமும் பாதிக்குமேல் குறைகிறது. அன்று மாலை காய்ந்த பாதியில் ஒரு பாத்திக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றினேன். இருட்டுவதற்குள் அந்தப் பாத்தித் தோகைகள் விரிந்துவிட்டன, பக்கத்துப் பாத்தி குழலாகவே நின்றது.

ஒரு எச்சரிக்கை. இப்படிச் சுருண்டு வாடிய இளஞ்சோளத்தை மாட்டுக்குப் போடக்கூடாது. அதில் சயனைடு விஷம் வரும். முழங்கால் உயரத்துப் பயிரில் மாடு வாய் வைத்துச் செத்த கதை எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. என் சோதனைத் தோகைகள் முற்றிய பயிரில் எடுத்தவை. இருந்தாலும் நகப்பூச்சு பட்டதைக் குப்பையில்தான் போட்டேன்.

மச்சானுக்குத் தாராபுரத்துக்குக் கிட்டே அமராவதிப் பாசனத்தில் நெல். ஒரு சனிக்கிழமை போய் நாலு தாள் பறித்து வந்தேன். நெல் தாளில் சொட்டு நீர் விட்டால் தாமரை இலை மாதிரி உருண்டு விழுகிறது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும். இதுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். ஆனால் நெல்லுக்கு இந்த மெழுகு வேறு விதத்திலும் உதவுகிறது. வெள்ளத்தில் மூழ்கினால் தாளின்மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் வழியாகத்தான் முங்கின தாள் மூச்சு விடுகிறது. நகப்பூச்சு அச்சு நெல்லில் சரியாக வரவே இல்லை. தோல் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொப்புளமும் சிலிக்காவும். டேப் உரித்தால் பாதி அச்சு தாளிலேயே தங்கிவிடுகிறது. வந்த துண்டில் துளைகள் சோளத்தைவிட மிகச் சின்னதாக, நெருக்கமாக இருந்தன. எண்ணிக்கை எழுதும் அளவுக்கு ஒரு வட்டம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

நெல்லில் இந்தத் துளைகளையே குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, ஐ.ஆர் 64 ரகத்தில் துளை உண்டாவதைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் கூடுதலாக வேலை செய்யவைத்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவு. நான்காவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையே அந்தப் பயிர், வழக்கமான தண்ணீரில் அறுபது சதவீதம் அளவே குடித்தது. வறட்சியையும் கூடுதல் நாள் தாங்கியது. பார்லியிலும் கோதுமையிலும் இதேபோல் செய்திருக்கிறார்கள். மச்சானிடம் சொன்னேன். "தொளைய அடைச்சுப்போட்டா வெள்ளாமை வருமாங் மாப்ள?" என்றார். நியாயமான கேள்வி. கரியமில வாயு உள்ளே போவதும் அதே வாசல்தான். வேர்வை குறைந்தால் இலை சூடாகும் என்ற பயமும் உண்டு. ஆனால் அவர்கள் 40 டிகிரி வரை வைத்துப் பார்த்தும் பயிர் தாங்கியிருக்கிறது. சோளத்துக்கு இந்தச் சங்கடம் நெல்லைவிடக் குறைவு. அது வாயுவை உள்ளே இழுத்துச் செறிவாக்கிக்கொள்கிற இனம், வாசலை ஒருக்களித்து வைத்தே வேண்டியதைப் பிடித்துவிடும்.

கம்பையும் பார்க்க ஆசை. அதன் தோகையில் மயிர் உண்டு, அது காற்றை இலையோடு ஒட்டவைத்து உலர்வைக் குறைக்கும் என்கிறார்கள். ஆடிப்பட்டம் வரட்டும்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. பிசினைத் தேன் பதத்துக்குக் கீழே கரைக்காதீர்கள். எடை போடும்போது ஃபேனை அணையுங்கள், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ளுங்கள், 0.01 தராசு அதற்கே ஆடும். முதல் ஒரு மணி நேரத்து எடையை எழுதி வையுங்கள், ஆனால் அதை வைத்துத் தோலைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்த்த இடத்தை ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.

சித்திரை இரண்டாம் வாரம் ஒரு மழை பிடித்தது. மறுநாள் காலை காய்ந்த பாதியும் விரிந்து பச்சையாகிவிட்டது. எந்தப் பாதி எது என்று வரப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. தோகையை வளைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்தும் மாவு அப்படியே இருந்தது. நான் பிசினால் உரித்த சதுரங்கள் மட்டும், மூன்று வாரமாகியும், பச்சையாகவே தெரிந்தன.